ஏழே முக்கால் அடி வாசல்

1

எங்கள் ஊர் வாசலின் அகலம் ஏழே முக்கால் அடி. நாற்பத்தொன்பது வயது வரை எனக்கு இது தெரியாது. போன வைகாசியில் அண்ணன் டேப்பைப் பிடித்து அளந்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியபோதுதான் தெரிந்தது. கூடவே ஒரு குரல் செய்தி வந்தது.

"சுப்பு, ஆம்புலன்சு கண்ணாடியோட சேத்தா ஏழரை அடி. நேரா வந்தா நொழையும். அந்தத் திருப்பத்துல எங்க நேரா வர்றது? வாசலை எடுத்தர்லாம்னு ஊர்ல பேச்சு. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டம். நீ என்ன சொல்ற?"

நான் என்ன சொல்வது? இங்கே வட இத்தாலியில் ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறவன் நான். அஞ்சாம் வகுப்பு வரை எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவன் இல்லை. கல்யாண வீட்டில்கூட இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் எழுந்துவிடுகிறவன். "பாக்கலாங்கண்ணா" என்று மட்டும் பதில் அனுப்பிவிட்டுத் தீவனம் போடப் போய்விட்டேன்.

மலையாள எல்லைக்குள், வடகரப்பதிப் பக்கம் எங்கள் ஊரைக் கோட்டை என்றுதான் சொல்வார்கள். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுபது வீடுகள், சுற்றிலும் மண்ணும் கல்லுமாக ஒரு மதில், கிழக்கே ஒரு வாசல். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் ஒரே கல்லாக ஓர் உத்தரம். கதவு எந்தக் காலத்திலோ போய்விட்டது. கதவுக்குக் குறுக்கே போடும் மரம் சொருகுகிற குழி மட்டும் இருக்கிறது. தூண்களின் உட்பக்கம், இடுப்புயரத்தில், இரண்டு நீளப் பள்ளங்கள். வண்டிச் சக்கரத்தின் குடம் உரசி உரசி விழுந்தவை. கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ராஜா பேரைச் சொல்வார்கள்.

அந்த வாசலை இடிக்கச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாசி மாதம் எங்கள் நங்கை, அதாவது அண்ணன் மனைவி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆம்புலன்ஸ் வந்து வாசலுக்கு வெளியே நின்றது. நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் அவரை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குண்டும் குழியுமான அந்த முன்னூறு அடித் தெருவில் அவர் போட்ட சத்தத்தை ஊரே கேட்டது. அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. பள்ளிக்கூட வேன் வராது, கேஸ் வண்டி வராது, இப்போது ஆம்புலன்சும் வராது என்றால் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2

எங்கள் ஊரில் செத்தவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோவதில்லை. வாசல் உயிரோடு இருக்கிறவர்களுக்கு. மணப்பெண் வருவதும், பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதும், மாடு கன்று வருவதும் அந்த வழிதான். ஊருக்குள் யாராவது இறந்துவிட்டால் மேற்கு மதிலில் ஓர் இடத்தில் கல்லைப் பிரித்து அதன் வழியாகக் கொண்டுபோவார்கள். அங்கே மண் பூச்சு கிடையாது. கல் மேல் கல்லாக அடுக்கி மட்டும் வைத்திருக்கும். பிரேதம் வெளியே போனதும் உள்ளே ஒருவர் நின்று உடனே கல்லைத் திரும்ப அடுக்கிவிட வேண்டும். மசானத்துக்குப் போனவர்கள் குளித்துவிட்டு வாசல் வழியாக ஊருக்குள் வருவார்கள்.

அந்தக் கல்லைப் பிரிப்பதும் அடுக்குவதும் எங்கள் குடும்பத்தின் வேலை. ஏனென்றால் அந்த மதிலை ஒட்டிய மனை எங்களுடையது. கடைசிக் கல்லை வைக்கிறவர் மசானத்துக்குப் போக முடியாது. எங்கள் அய்யன், என் அப்பா, போனபோது அண்ணன் கொள்ளிச்சட்டி எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் உள்ளே நின்று கல் அடுக்கினேன். ஒவ்வொரு கல்லாக வைக்க வைக்க அய்யனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் முதுகு மறைந்துகொண்டே வந்தது. எனக்கு அப்போது இருபது வயது.

அம்மா போனபோது நான் இங்கே இருந்தேன். விடுப்பும் கிடைக்கவில்லை, தங்கும் அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் பயணமும் முடியவில்லை. அண்ணன் கொள்ளி வைக்கப் போக வேண்டும். கல் வைக்க எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. நங்கை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தானே வைத்தாராம். பொம்பளை வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அப்ப நீங்க வெய்யுங்க" என்றாராம். கேட்டவர் நகர்ந்துவிட்டார்.

பாகம் பிரித்தபோது அந்த மனை என் பங்குக்கு வந்தது. ஆறு சென்ட். பக்கத்தில் பிணம் போகிற வழி என்று யாரும் ஆசைப்படாத இடம். அய்யன் இருந்தபோதே சொல்வார்: "செத்தவங்க பக்கத்துல இருந்தா நல்லதுடா. வேலிச் சண்டைக்கு வரமாட்டாங்க." அதில் ஓரமாக நாலடி வழி விட்டுவிட்டு ஒரு வீடு கட்டுவது, அறுபது வயதில் போய் இருப்பது என்பது எங்கள் திட்டம். என் மனைவி செல்வி அந்த வீட்டை ஒரு நோட்டில் வரைந்தே வைத்திருக்கிறாள். இங்கே ஒரு வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்த அம்மா தூங்கும் நேரத்தில் இவள் நோட்டைத் திறந்து ஜன்னலை இடம் மாற்றுவாள்.

3

இங்கே வந்த முதல் வருடம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் தங்கியிருந்த அறைக்கும் பண்ணைக்கும் நடுவில் மதில் சூழ்ந்த ஒரு சின்ன ஊர் உண்டு. அதற்கும் ஒரு வாசல், செங்கல்லில் கட்டியது, மேலே மணிக்கூண்டு. முதல் நாள் அதற்குள் நுழைந்தபோதே இடுப்புயரத்தில் சக்கரக்குடம் உரசிய பள்ளத்தைப் பார்த்துவிட்டேன். கையை வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அழுகை வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வேலைக்குப் போகும்போது அந்த வாசல் வழியாக ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். பிணம் போன வாசலில் எப்படிக் காலை வைப்பது? அன்றிலிருந்து மதிலைச் சுற்றி வாய்க்கால் கரையோடு நடந்து போனேன். தினமும் அரைமணி நேரம் தாமதம். முதலாளி காரணம் கேட்டார். எனக்குப் பத்து வார்த்தைகூடத் தெரியாது. தீவன மூட்டையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினேன்: ஒரு வாசல், படுத்திருக்கும் ஓர் ஆள், நான், என் மேல் ஒரு பெருக்கல் குறி.

அவர் முகம் மாறிவிட்டது. வாசலில் வைத்து என்னை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவரே வேனைக் கொண்டுவந்து என்னை ஏற்றி, அதே வாசல் வழியாகப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழையும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் என் தோளைத் தட்டி தைரியம் சொல்வார். ஒரு சனிக்கிழமை வேன் வாசலுக்குள் போகாமல் நின்றது. கண்ணைத் திறந்தேன். எதிரே வெள்ளை உடுப்பில் ஒரு மணப்பெண், நீண்ட துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அதே வாசலில் சிரித்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து நான் அந்த வாசல் வழியாகவே நடந்து போனேன்.

4

அண்ணனின் செய்தி வந்த பிறகு எனக்கு இங்கேயுள்ள அந்தச் செங்கல் வாசலையும் அளந்து பார்க்கத் தோன்றியது. தனியாகப் போக வெட்கம். என் மகள் தாரணியைக் கூப்பிட்டேன். பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் இத்தாலிய மொழியில் பதில் சொல்வாள். ஊரைப் பற்றிப் பேசினால் "உங்க ஊர்ல" என்பாள். எதற்கு அளக்கிறோம் என்று சொன்னேன். நங்கை விழுந்ததை, கட்டிலில் தூக்கியதை, இடிக்கப் போவதைச் சொன்னேன். அவள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டடி நாலு அங்குலம்.

பக்கத்து ரொட்டிக் கடைக்காரம்மா வெளியே வந்து ஏதோ கேட்டார். நான் வழக்கம்போலச் சிரித்துவைத்தேன். தாரணி பேசினாள். அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டி நிறையச் சொன்னார். பிறகு எங்களைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வாய்க்கால் கரை இல்லாத பக்கம்; இத்தனை வருடத்தில் நான் கவனிக்காத ஒன்று. அங்கே மதில் அகலமாக வெட்டி விடப்பட்டு, தார் ரோடு ஒன்று உள்ளே போகிறது. லாரிகள் வரத் தொடங்கிய காலத்தில் ஊர்க்காரர்கள் வாசலில் கை வைக்காமல் மதிலில் ஒரு வழி திறந்துகொண்டார்களாம்.

திரும்பி வரும்போது, "அந்தம்மாகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்லயும் இப்டி ஒரு வாசல் இருக்கு, அதை ஒடைக்கப் போறாங்கன்னு சொன்னேன்."

நம்ம ஊர் என்றாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் திருத்திக்கொண்டுவிடுவாள் என்று பயம்.

ஆனால் என் மனதில் வேறு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர் மதில் முழுக்க வீடுகளின் பின்சுவர்கள் ஒட்டி நிற்கின்றன. காலியாக இருப்பது ஒரே ஓர் இடம். அது மேற்கே, கல் பிரிக்கிற இடம். என் மனை.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். அங்கே ரேஷன் கடை முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். இங்கே தாரணி போனைப் பிடித்துக்கொண்டாள். செல்வி அடுப்பங்கரையில் இருந்தாள்.

முதலில் வார்டு மெம்பர் அக்கா பேசினார். "பஞ்சாயத்துக்கு வாசலும் வேண்டாம், மதிலும் வேண்டாம். வண்டி வர்றதுக்குப் பத்தடி வழி கிட்டினா தெருவுக்கு காங்கிரீட் பாஸாகும். எது வழியான்னு நீங்க தீருமானம் பண்ணுங்க."

நான் நான்கு நாளாகத் தனியாகச் சொல்லிப் பழகியதைச் சொன்னேன். மேற்கு மதிலில் கல் பிரிக்கிற இடத்தை அகலமாகத் திறந்துகொள்ளலாம், வாசல் அப்படியே இருக்கட்டும் என்று. இரண்டு வாக்கியம்தான். வியர்த்துவிட்டது.

எங்களுக்கு மாமன் முறையாகும் ராமசாமி மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏண்டா மாப்ள, பொணம் போற வழியில எங்கூட்டு மருமகளைக் கூட்டிட்டு வரச் சொல்றயா? பாலு குடிக்கற கொழந்தைய அதுல கொண்டாரச் சொல்றயா? சீமைக்குப் போனா புத்தி இப்படியா போகும்?"

"இல்லீங் மாமா, இங்கெல்லாம் பொணமும் பொண்ணும் ஒரே வாசல்லதானுங்க..."

"அங்க அவனவன் மாட்டையும் பன்னியையும் திங்கறான். அதையும் ஆரம்பிச்சர்லாமா?"

சிரிப்பு எழுந்தது. அப்போது போனுக்குள் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. நங்கை.

"சித்தெ நில்லுங்க. எங்கத்தை போனப்ப அந்தக் கல்லை வெச்சவ நானு. மூணு நாளு கை வலிச்சுது. வேறொண்ணும் ஆகல."

"ஆகலையா? இடுப்பு ஒடஞ்சது என்னவாமா?"

"அதுக்குச் செத்தவங்க என்ன பண்ணுவாங்க? வாசல்தான் என்ன பண்ணும்? பாத்ரூமுல சோப்பைக் கீழ போட்டுட்டுப் போனது இந்த மனுசன்." தடியால் அண்ணனைக் காட்டினார். படம் ஆடியது. அண்ணன்தானே போனைப் பிடித்திருந்தார்.

ஊரே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். ஆனால் உட்காரவில்லை. "சரி, அது கெடக்கட்டும். வாசல் நின்னா நாளைக்கு டூரிஸ்ட்டுக வருவாங்க, மனைக்கு வெலை ஏறும், இவன் வித்துப்போட்டு அங்கயே இருந்துக்குவான். அதுக்குத்தான் இந்த நாயம்."

இதுவரை வாழ்க்கையில் நான் யோசிக்காமல் பேசியது குறைவு. அன்று பேசிவிட்டேன்.

"மனையை வழிக்கே எழுதிக் குடுத்தர்றனுங்க மாமா."

வண்டி திரும்புவதற்கும் சேர்த்து நாலரை சென்ட் போய்விடும் என்று மெம்பர் அக்கா சொன்னார். மிச்சத்தில் கோழிக்கூடு வேண்டுமானால் கட்டலாம். "சரிங்க" என்றேன். அடுப்பங்கரையில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. செல்வியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கே மாமா கடைசியாகச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "எடம் குடுக்கற, பெரிய மனசுதான். ஆனா வழி மாறினா மட்டும் பயம் போயிருமாடா? பொம்பளைங்க அதுல நடக்கமாட்டாங்க. அதுக்கொரு வழி சொல்லு, நானும் ஒத்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு முடிவு சொல்வதாக ஊர் கலைந்தது.

6

செல்வி இரண்டு நாள் பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. மூன்றாம் நாள் நான் சாயங்காலக் கறவை முடித்து வந்தபோது மேஜையில் நோட்டு திறந்திருந்தது. கடைசியாக வரைந்த படம். கிழக்கே பார்த்த அடுப்பு, சமையல்கட்டிலிருந்து தெரு தெரிகிற ஜன்னல்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள்.

"சொல்லியிருப்பயோன்னு பயம்."

"சொல்லியிருப்பேன்தான். அப்புறம் சரின்னிருப்பேன்." நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "புது ஊட்டுக்குள்ள மொதல்ல யாரு போறாங்க?"

"மாடும் கன்னும்."

"ஏன் விடறோம்? எடத்துல என்ன இருந்தாலும் அது போனாச் சரியாப் போகும்னுதானே? அந்த வழியிலயும் அப்படி விடச் சொல்லுங்க. பின்னாடி எந்தப் பொம்பளை நடக்க மாட்டேம்பா?"

படத்தின் வாசலில் விரலை வைத்தாள். "இந்த ஊட்டுக்கு ஒரு செவலை மாடு விடறதா நெனச்சு வெச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாள்.

அடுத்த ஞாயிறு அதை அண்ணன் கூட்டத்தில் சொன்னார். ராமசாமி மாமா நெடுநேரம் மீசையைத் தடவினாராம். பிறகு, "மாடு எங்கூட்டுது" என்றாராம். "செவலை. போன மாசந்தான் கன்னு போட்டுது."

7

அதற்குப் பிறகு ஆறு மாதம் காகிதம். மனையைப் பஞ்சாயத்துக்கு இஷ்டதானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நான் போக முடியாததால் எனக்காகக் கையெழுத்துப் போட அண்ணனுக்கு முக்தியார் கொடுக்க வேண்டும், அதைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்து இரண்டு ரயில் மாறிப் போனேன். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அய்யன் பெயர். ஊர் ஆதாரத்தில் ஒற்றை எழுத்து இனிஷியலும் பாதிப் பெயரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸிலிருந்து சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அண்ணன் அலைந்து வாங்கி அனுப்பினார். மலையாளத்தில் இருந்த அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஊரில் இருந்தவனும் இங்கே இருப்பவனும் ஒருவன்தான் என்று அரசாங்கமே முத்திரை வைத்துச் சொல்லியிருந்தது. பதினேழு வருடமாக எனக்கே அதில் சந்தேகம் இருந்தது. அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

8

தை மாதம் ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். அங்கே காலை பதினொரு மணி, இங்கே ஆறரை. கூட வேலை செய்பவரிடம் அன்றைய கறவையை மாற்றிவிட்டு வீட்டில் இருந்தேன். மூன்று பேரும் போன் முன்னால் உட்கார்ந்தோம்.

அண்ணனும் மற்றவர்களும் கல்லைப் பிரித்தார்கள். யாரும் சாகாமல் அந்தக் கல் பிரிவது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. பெண்கள் தள்ளி நின்றார்கள். கல் விழும் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் ஒரு பாட்டி குரலெடுத்து அழத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் நிறுத்திவிட்டு, "எனக்கென்னம்மா தெரியும்" என்றார். பிரித்த கல்லை வண்டியில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். டிராக்டர் இடித்துப் பெயர்ந்திருந்த தூணின் அடியை அதை வைத்துக் கட்டப்போகிறார்கள்.

மாடு வந்தது. நெற்றியில் மஞ்சள், கழுத்தில் மாலை. மாமா கயிற்றைப் பிடித்திருந்தார்; பின்னால் ஒருவர் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் திறப்புக்கு முன்னால் வந்ததும் மாடு நின்றுவிட்டது. இழுத்தார்கள், தட்டினார்கள். கால்களை ஊன்றி அசையாமல் நின்றது. மாமாவின் முகம் வெளுத்தது. போனில் அது தெரிந்தது. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தார்கள்.

"இழுக்காதீங்க மாமா," என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. "கயித்தை லூசு விடுங்க. கன்னை அவுத்து முன்னால போக விடுங்க. நேத்து வரைக்கும் செவுரா இருந்த எடம், அது மெரளுது. அவ்வளவுதான். வேறொண்ணுமில்ல."

அண்ணன் போனை மாமாவின் காதருகே கொண்டுபோனார். திரும்பச் சொன்னேன். கன்றை விட்டார்கள். அது நின்று முகர்ந்து பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வெளியிலிருந்து ஊருக்குள் ஓடியது. மாடு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனது. அதன் பின்னால் கைத்தடியோடு நங்கை. அவர் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக. அதற்குப் பின்னால் தக்காளிக் கூடைகளோடு ஒரு கூட்ஸ் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

செல்வி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். நான் பண்ணையிலிருந்து கொண்டுவந்திருந்த பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, பாத்திரத்துக்குப் பொட்டு வைத்து, அடுப்பில் ஏற்றினாள். மாடு நுழைந்த பிறகு புது வீட்டில் அதைத்தானே செய்வோம்.

பால் எழும்பி விளிம்புக்கு வந்தது. தாரணி ஓடிவந்து அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள்.

"வுடு அம்மிணி," என்றாள் செல்வி. "பொங்கட்டும்."